உப்பைப் பின்பக்கம் கூப்பிடுகிறவர்

மூன்றாவது தடவையாகக் கையைக் கழுவிக்கொண்டிருக்கிறார் உப்பக்கா. முதல் தடவை சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில். இரண்டாவது தடவை சோப்புப் போக, அதே தண்ணீரில். மூன்றாவது தடவை, பேட்டரிக் கடையில் கேன் கேனாக வாங்கி வைத்திருக்கும் காய்ச்சி வடித்த தண்ணீரில், விரல் விரலாக. பிறகு துண்டைத் தொடாமல், ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்தபடி சுவருக்கு முன்னால் வந்து நிற்கிறார். பார்த்துச் சிரிக்கிறவர்களை அவர் கோபித்துக்கொள்வதில்லை. "நம்ம வேர்வையிலயே எவ்வளவு உப்பு இருக்கு. அதைச் சுவத்துல தடவிட்டு, அப்புறம் சுவத்துல உப்பு இருக்குன்னு பழி போட்டா நியாயமா?"

சுவர்களிலிருந்து உப்பை வெளியே எடுப்பதுதான் அவருக்குத் தொழில். நன்றாக இருந்த சுவர் திடீரென்று வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், பெயின்ட் கொப்பளிக்கும், பூச்சு மாவாய் உதிரும். வீட்டுக்காரர் சுரண்டிவிட்டுப் பெயின்ட் அடிப்பார். அடுத்த வருஷம் சிமென்ட் பூசுவார். மூன்றாம் வருஷம் வெறுத்துப்போய் உப்பக்காவைத் தேடி வருவார். சுவரைப் பற்றி அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இதுக்குப் பின்னாடி என்ன இருந்துச்சு?"

பத்தொன்பது வயதில் சித்தாளாக வேலைக்குப் போனவர். கலவை சுமந்தார், பிறகு பூச்சுப் பூசக் கற்றுக்கொண்டார். பூசிய சுவர் எங்கே உதிர்ந்ததோ, மறுபடி பூசினாலும் சொல்லி வைத்த மாதிரி அதே இடத்தில் உதிர்ந்தது. ஏன் என்று மேஸ்திரியைக் கேட்டார். "ஈரம்மா" என்றார் மேஸ்திரி. "நனையும்போது சும்மா இருக்கே, காயும்போதுதானே உதிருது?" என்று திருப்பிக் கேட்டார். மேஸ்திரி டீ குடிக்கப் போய்விட்டார். அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இருபத்தொன்பது வருஷமாகத் திரிகிறார் உப்பக்கா. இப்போது வயது நாற்பத்தெட்டு.

சின்ன டிரில்லிங் மெஷின், மருந்துக் கரண்டி, மூடி போட்ட கண்ணாடிக் குப்பிகள். இவற்றோடு, குடிநீர் வடிகட்டி விற்கிறவர்கள் தண்ணீரில் முக்கிக் காட்டுகிற பேனா போன்ற மீட்டர் ஒன்று. சுவரில் துளையிட்டு, வரும் தூளில் ஒரு கரண்டியைக் குப்பித் தண்ணீரில் போட்டுக் குலுக்கி, தெளிந்ததும் மீட்டரை முக்குவார். உப்பு கூடினால் எண் கூடும். ஆனால் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அவரும் அவர் கணவரும் ஆளுக்கொரு எண்ணை ஊகித்துச் சொல்லியாக வேண்டும். கணவர் டெம்போ ஓட்டுகிறவர். மீதி நேரத்தில் இவருக்குச் சுவரில் அப்புகிற மாவு பிசைந்து தருகிறவர். மனைவி என்ன சொன்னாலும் அதைவிட நூறு கூட்டிச் சொல்வதுதான் அவருடைய ஆராய்ச்சி. பத்தில் மூன்று முறை அவரே ஜெயிப்பதை உப்பக்காவால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் ஒரு வாளியில் எப்போதும் ஒரு செங்கல் ஊறிக்கொண்டிருக்கும். உப்பை உறிஞ்ச வைத்து, ஐந்து பக்கம் மெழுகு பூசி, ஒரு பக்கத்தை மட்டும் திறந்துவிட்ட செங்கல். வாளியில் நல்ல தண்ணீர். அந்தத் தண்ணீரைத் தினமும் அளப்பார். முதல் செங்கல் வைத்த வருஷம், ஒரு நாள் முடிந்தபோது மீட்டரில் ஐம்பது காட்டியது. இரண்டாம் நாள் நூறு வரும் என்று பார்த்தார், வரவில்லை. நூறு வருவதற்கு நான்கு நாள் ஆயிற்று. நூற்றைம்பதுக்கு ஒன்பது நாள். இருநூறுக்குப் பதினாறு நாள். காலண்டரில் அந்தத் தேதிகளை வட்டமிட்டுவிட்டு அரைமணி நேரம் அப்படியே நின்றார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

"ரெண்டு மடங்கு உப்பு வேணும்னா நாலு மடங்கு நாள் ஆகுதுங்க. மூணு மடங்கு வேணும்னா ஒம்பது மடங்கு."

"இது உப்பா, உங்கம்மாவா?" என்றார் கணவர். "கிளம்பறேன்னு சொல்லிட்டு வாசல் தாண்ட அவங்களுக்குத்தான் ஒம்பது நாள் ஆகும்."

சிரித்தாலும் உப்பக்கா அதை விடவில்லை. ஏன் இப்படி என்று அவர் கண்டுபிடித்த காரணத்தை யார் கேட்டாலும் சொல்வார். "செங்கல்லுக்குள்ள நேர் ரோடு கிடையாது. எல்லாம் சந்து. உப்புக்கு வெளிய வரணும்னு எண்ணமும் கிடையாது, அது பாட்டுக்கு அலையும். முன்ன ஒரு அடி, பின்ன ஒரு அடி. கூட்டமா இருக்கிற இடத்துலேர்ந்து அலைஞ்சா, ஆள் இல்லாத இடத்துக்குத்தானே கொஞ்சம் கொஞ்சமா பரவும்? வாசல்கிட்ட இருக்கிறது சட்டுனு வந்துடும். உள்ள இருக்கிறது மெதுவாத்தான் வரும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததைச் சொல்வார். "அது தண்ணி நிக்கும்போது. தண்ணி ஓட ஆரம்பிச்சா கதையே வேற. உப்பு அதும்மேல ஏறி உக்காந்துக்கும். வேகமா வரும். ஆனா தண்ணி எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கம்தான் வரும். தண்ணி எந்தப் பக்கம் ஓடும்? எந்தப் பக்கம் காயுதோ அந்தப் பக்கம்."

அவருடைய மாவு இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறது. வெள்ளைக் காகிதத்தை ஊறவைத்துக் கூழாக்கி, அதில் மெல்லிய வெள்ளைக் களிமண்ணைக் கலந்து, சுவரை நன்றாக நனைத்தபின் இரண்டு விரல் கனத்துக்கு அப்புவார். சுவருக்குள் கரைந்த உப்பு தண்ணீரோடு மாவுக்கு வரும்; மாவு காய்ந்ததும் உப்போடு சேர்த்து உரித்துப் போடுவார். களிமண் எதற்கு என்று கேட்டால், "சுவத்தோட துளையைவிட மாவோட துளை சின்னதா இருக்கணும். சின்னத் துளைதான் நல்லா உறிஞ்சும். இல்லேன்னா சுவரு மாவைக் குடிச்சிடும்" என்பார். ஒரு தடவை கொழுந்தனார், நல்லது செய்வதாக நினைத்து, மாவு கெட்டியாய் ஒட்டட்டும் என்று இரண்டு கை சிமென்டைக் கலந்துவிட்டார். சிமென்டுக்கென்று தனி உப்பு உண்டு. உப்பை எடுக்கப் போன இடத்தில் உப்பைக் கொடுத்துவிட்டு வந்த அந்தக் கதையைக் குடும்ப விசேஷங்களில் இன்னமும் கொழுந்தனாரை உட்காரவைத்துக்கொண்டே சொல்கிறார்கள்.

போன வருஷம் அவர் கைக்கு வந்தது ஒரு பழைய ஐஸ் ஃபாக்டரியின் சுவர். இப்போது அது ஊர்ப் பொது வாசிப்புக்கூடம். பின்பக்கம் என்ன இருந்தது என்று கேட்கவே தேவையில்லை. ஐஸ் கட்டி வார்க்கிற தொட்டிகளைச் சுற்றி உப்புத் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். உப்புப் போட்டால்தான் அது உறையாமல் குளிரும். நாற்பது வருஷம் அந்தத் தண்ணீர் தெறித்துத் தெறித்து, ஒன்றரைச் செங்கல் கனமுள்ள சுவர் வயிறு முட்டக் குடித்து வைத்திருந்தது. முன்பக்கம், கூடத்தைப் பார்த்தபடி, சுவர் முழுக்க ஓர் ஓவியம். வேலை முடிந்து ஃபாக்டரிக் கேட்டைத் தாண்டி வரும் பதினாறு பேர். ஒருவர் பீடி பற்றவைக்கிறார், ஒருவர் சைக்கிளை உருட்டுகிறார், ஒருத்தி குளிர்ந்துபோன கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கிறாள்.

வரைந்தவர் போர்டு எழுதும் பெயின்டர். எழுபத்திரண்டு வயது, கறுப்புச் சாயம் அடித்த மீசை, ஓயாத வாய். ஊரில் அவர் எழுதாத கடை இல்லை. ஆனால் கடை கைமாறும்போதெல்லாம் எழுத்தும் அழியும். எழுத்தாக இல்லாமல் படமாக அவர் வரைந்தது இது ஒன்றுதான். அந்தப் பதினாறு பேரும் அவரோடு ஒரே தெருவில் இருந்தவர்கள். சுவர் உதிர ஆரம்பித்தபோது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று நகராட்சி முடிவு செய்தது. பெயின்டர் மூன்று நாள் நகராட்சி அலுவலகத்துப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, கடைசியில் பொறியாளரிடம் ஒரு வாக்கு வாங்கினார். நான்கு மாதம் அவகாசம். அதற்குள் மீட்டரில் எண் முந்நூறுக்குக் கீழே இறங்கினால் சுவர் நிற்கும். இறங்காவிட்டால் இடிக்க ஆள் வரும். உப்பக்கா முதல் நாள் எடுத்த எண் ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

பொறியாளர் முப்பது வயதுப் பெண். முதலில் சந்தேகத்தோடு வந்தவர், மீட்டரை ஆய்வகத்து எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவரிடம் கேட்பதற்கென்று உப்பக்காவுக்கு ஒரு பழைய சந்தேகம் இருந்தது. எப்போதோ ஒருமுறை நனைந்த செங்கல்லில் இரண்டு ஆணி அடித்து டெம்போ பேட்டரியை இணைத்துப் பார்த்திருக்கிறார். ஆணி துருப்பிடித்துச் செங்கல் முழுக்கக் கறையானதால் விட்டுவிட்டார். "ஆனா ரெண்டு ஆணிகிட்டயும் வேற வேற வாசனை வந்துச்சு மேடம். அது ஏன்?"

பொறியாளர் சொன்னார்: "உப்பு தண்ணியில கரைஞ்சதும் ரெண்டா பிரிஞ்சிடும்க்கா. ஒண்ணு பிளஸ், ஒண்ணு மைனஸ். கரன்ட் குடுத்தா ஒண்ணு இந்த ஆணிக்குப் போகும், இன்னொண்ணு அந்த ஆணிக்குப் போகும். கரன்ட் இல்லாதப்போ ரெண்டும் சேர்ந்துதான் போகும். ஒண்ணு வேகமா ஓடக்கூடியது, இன்னொண்ணு மெதுவா. ஆனா வேகமானது ரொம்ப முன்னால போயிட்டா மெதுவானது பின்னாலேர்ந்து இழுத்துடும். மெதுவானது தங்கிட்டா வேகமானது அதை இழுக்கும்."

"பிரிஞ்சும் பிரியாமயா?"

"அப்படித்தான்."

ஒரு வாரம் உப்பக்கா அதையே நினைத்துக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் வழக்கம்போல இருபது அடி முன்னால் போய்க்கொண்டிருந்த கணவரைப் பார்த்து, "ஏங்க, உப்பே நின்னு கூட்டிட்டுப் போகுதாம், உங்களுக்கு என்ன?" என்று கத்தினார். கடைக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஐஸ் ஃபாக்டரிச் சுவரில் அவர் போட்ட திட்டம் எளிமையானது. மாவைப் பின்பக்கம், தொட்டி இருந்த பக்கத்தில் அப்ப வேண்டும். முன்பக்கம் ஓவியத்தின்மேல் படாமல், சட்டத்தில் கட்டிய பிளாஸ்டிக் தாளால் மூட வேண்டும். முன்னால் காற்றுப் படாததால் அந்தப் பக்கம் காயாது. தண்ணீர் பின்பக்கமாகவே ஓடும். உப்பு படத்தைவிட்டு விலகிப் போகும். மாவு ஈரமாகவே இருக்க வேண்டிய முதல் வாரம் போனபின், நான்கு நாளுக்கு ஒருமுறை வந்து பார்ப்பார். இரண்டு மாதத்தில் எண் எழுநூறுக்கு இறங்கியது. பெயின்டர் தினமும் வந்து, கொலுசு போட்ட குழந்தையைத் தொட்டிலில் பார்ப்பது மாதிரி பிளாஸ்டிக்குக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

மூன்றாம் மாதம் ஒரு நாள் உப்பக்கா உள்ளே நுழைந்தபோது ஃபேன் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் தாள் அழகாகச் சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. ஓவியத்துக்கு நேரே ஒரு பெரிய நிற்கும் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பெயின்டர், பெருமிதமாக.

"உள்பக்கம் முத்து முத்தா வேர்த்துக்கிட்டு இருந்துச்சு தங்கச்சி. படம் ஊறிப்போயிடுமேன்னு எடுத்துட்டேன். இப்ப பாரு, எப்படிக் காஞ்சிருக்கு."

"எப்பலேர்ந்து ஓடுது அண்ணே?"

"முந்தாநாள் காலையிலேர்ந்து. ராத்திரியும் நிறுத்தல. வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்."

உப்பக்கா ஃபேனை நிறுத்தினார். கிட்டே போய்ப் பார்த்தார். பதினாறு பேருக்கும் தாடி முளைத்திருந்தது. கன்னத்தில், தாடையில், பீடி பிடித்த விரலில், மெல்லிய வெள்ளை உப்பு பஞ்சு பஞ்சாக நின்றது. கக்கத்தில் கை வைத்திருந்தவளுக்கும் விதிவிலக்கில்லை. சைக்கிள்காரரின் காதோரம் பெயின்ட் ஒரு நகக்கண் அளவுக்குப் பொரிந்து, உப்பக்காவின் மூச்சுப் பட்டதும் விழுந்தது.

பெயின்டர் அதைப் பார்த்துவிட்டார். அவருடைய வாய் ஓய்ந்ததை அந்த ஊர் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ரெண்டு மாசமா நான் பின்னாலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன் அண்ணே" என்றார் உப்பக்கா, குரலை உயர்த்தாமல். "நீங்க ரெண்டு நாள் முன்னாலேர்ந்து கூப்பிட்டீங்க. உங்க ஃபேன் சத்தமா கூப்பிட்டுச்சு, வந்துடுச்சு." சுருட்டியிருந்த தாளைக் காட்டி, "அந்தத் தாள் எதுக்குன்னு நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும். ஊருக்கெல்லாம் சொல்றேன், படத்துக்காரர்கிட்ட சொல்லல" என்றார்.

அன்றைக்கு எண் பார்த்தபோது கணவர் ஊகம் எதுவும் சொல்லவில்லை. தொள்ளாயிரத்துப் பத்து. பின்பக்க மாவுக்கு வந்திருந்த உப்பும் சுவருக்குள்ளேயே திரும்பிப் போயிருந்தது.

காய்ந்த உப்பை ஈரம் படாமல், குழந்தைகள் முகத்துக்குப் பவுடர் போடும் பிரஷ்ஷால் இரண்டு நாள் துடைத்து எடுத்தார். பிளாஸ்டிக் தாள் மறுபடி ஏறியது. பின்பக்கம் புது மாவு. பெயின்டர் வருவதை நிறுத்திக்கொண்டார். வாசலோடு வந்து, உள்ளே வராமல், வாட்ச்மேனிடம் எண் கேட்டுக்கொண்டு போவதாகத் தெரிந்தது. அறுநூற்று நாற்பது. பிறகு நானூற்றுச் சொச்சம். நான்கு மாதமும் முடிந்தது.

பொறியாளர் வந்த அன்று பெயின்டரும் வந்து, கதவருகே செருப்பைக் கழற்றாமல் நின்றார். இடிக்கிற ஆட்களுக்கு அடுத்த திங்கட்கிழமை தேதி கொடுத்தாகிவிட்டது என்று பொறியாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பிறகு, "தூள் எங்க எடுக்கலாம்? நீங்களே இடம் சொல்லுங்கக்கா" என்றார்.

சுவரின் மேல்பாதி நன்றாகத் தேறியிருந்தது. முந்தின நாள் அங்கே எடுத்த எண் நூற்றுத் தொண்ணூறு. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், பொறியாளரைத் தவிர. கணவர் டிரில்லை நீட்டும்போது உதடு அசையாமல், "மேல காட்டும்மா" என்றார். வாசலில் நின்ற பெயின்டரின் கண்ணும் மேலேதான் இருந்தது.

உப்பக்கா பின்பக்கம் போய், சுவரடியில் குந்தி உட்கார்ந்தார். தொட்டியின் வடிகால் இருந்த மூலை. எப்போது அளந்தாலும் கடைசியாக இறங்குகிற இடம். "இங்க எடுங்க மேடம். இதுதான் மோசமான இடம்."

தூள் போட்ட குப்பி தெளிந்தது. பொறியாளர் தன் கையாலேயே மீட்டரை முக்கினார். நானூற்று முப்பது.

"மேல எவ்வளவு இருக்கும்?"

"நூத்தித் தொண்ணூறு."

பொறியாளர் மீட்டரைக் கீழே வைத்தார். "அதைக் காட்டியிருக்கலாமே?"

"காட்டலாம். சுவரு நின்னுடும். ரெண்டு வருஷத்துல இந்த மூலையில இருக்கிறது மேல ஏறும். அப்புறம் நீங்களும் நம்ப மாட்டீங்க, வேற எவனும் நம்ப மாட்டான்."

பொறியாளர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யாரிடமோ நெடுநேரம் பேசுவது கேட்டது. திரும்பி வந்து, "இறங்கிக்கிட்டுத்தான் வருது. இன்னும் பத்து நாள் தரேன். போதுமா?" என்றார்.

பெயின்டர் கையைக் கூப்பிவிட்டார். கணவர் மூச்சை விட்டார். உப்பக்கா தலையை ஆட்டினார், இல்லை என்று.

"போதாதுங்க. இதுவரைக்கும் வந்தது வாசல்கிட்ட இருந்தது. இனிமே வர வேண்டியது உள் சந்துல இருக்கிறது. இருபத்தஞ்சு நாள் வேணும். தர முடியலேன்னா இப்பவே சொல்லிடுங்க, மாவு பிசைய வேண்டாம்."

"யம்மா, குடுக்கிறதை வாங்கிக்கயேன்" என்றார் கணவர் மெதுவாக.

"பத்து நாள்ல வராதுன்னு தெரிஞ்சே வரும்னு சொல்லச் சொல்றீங்களா?"

பொறியாளர் மறுபடி வெளியே போனார். இந்த முறை சீக்கிரம் திரும்பினார். "இருபத்தஞ்சு. அதுக்கு மேல ஒரு நாள்கூட என் கையில இல்லக்கா."

"அதுக்கு மேல வேணாம்" என்றார் உப்பக்கா. எழுந்து, அன்றைக்கே அந்த மூலையை நனைத்து, புது மாவை அப்பி முடித்தார். கணவர் பிசைந்து கொடுக்கக் கொடுக்க, உள்ளங்கையால் அழுத்தி, காற்றுக் குமிழ் இல்லாமல் தடவி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். முதல் வாரம் அந்த மாவு காயவே கூடாது. பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். கூடினால் வழிந்துவிடும், குறைந்தால் வெடித்துவிடும். இருபது வருஷமாக இந்த ஒரு வேலையை அவர் வேறு யாரிடமும், கட்டிய கணவரிடம்கூட, விட்டதில்லை.

வாசலில் இன்னும் நின்றுகொண்டிருந்த பெயின்டரை அவர் திரும்பிப் பார்த்தார். வாசிப்புக்கூடத்திலிருந்து ஒரு பெஞ்சைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து, ஓவியம் கண்ணில் படாத அந்தப் பின்பக்கத்தில், ஈர மாவுக்கு எதிரே போட்டார். தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்தார். தெளிக்கிற பாட்டிலில் நல்ல தண்ணீரை நிரப்பி, மூடியைத் திருகி, ஒருமுறை அமுக்கிச் சரிபார்த்துவிட்டு, அதைக் கொண்டுபோய்ப் பெயின்டரின் கையில் கொடுத்தார்.